முதலில் வளைவு, பிறகு இஞ்சின்: தோட்டத்து நீராவி ரயிலுக்கு எந்த அளவு, எந்த எரிபொருள்?

தோட்டத்தில் நீராவி ரயில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இஞ்சினிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பளபளக்கும் பித்தளைப் பட்டைகளோடு ஓர் எக்ஸ்பிரஸ் இஞ்சின் நீராவியைக் கக்கிக்கொண்டு ஓடுவதைக் கண்காட்சியில் பார்த்த மாத்திரத்தில் மனம் அதில் ஒட்டிக்கொள்கிறது. வாங்கி வந்த பிறகுதான், அது திரும்புவதற்கு ஆறேழு மீட்டர் அகலம் வேண்டும் என்பது தெரியவருகிறது. தோட்டமோ நான்கு மீட்டர்தான். இஞ்சின் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடுகிறது.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் தோட்டத்தை அளந்து, அதில் எவ்வளவு பெரிய வளைவு போட முடியும் என்று கண்டுகொள்ளுங்கள். அந்த ஓர் எண் பாதி முடிவை எடுத்துவிடும். ரயிலின் பக்கத்தில் நடந்து பார்க்க ஆசையா, அதன் பின்னால் ஏறி உட்கார்ந்து ஓட்ட ஆசையா என்ற கேள்வி மீதிப் பாதியில் பெரும்பகுதியை எடுத்துவிடும். எரிபொருள் அதற்கு அடுத்தது. எந்த இஞ்சின், என்ன வண்ணம், எந்த நிறுவனம் என்பதெல்லாம் கடைசியில்தான் வர வேண்டும்.

வழக்கத்தில் உள்ள அளவுகள்

அளவு என்று இங்கே சொல்வது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை. தோட்டங்களில் அதிகம் காணப்படுபவை ஐந்து: 32 மி.மீ., 45 மி.மீ., 3½ அங்குலம் (89 மி.மீ.), 5 அங்குலம் (127 மி.மீ.), 7¼ அங்குலம் (184 மி.மீ.). முதல் இரண்டும் பக்கத்தில் நின்று ரசிப்பவை. மற்ற மூன்றும் ஆளை ஏற்றிக்கொண்டு போகிறவை. வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் 7¼ அங்குலத்துக்குப் பதிலாக 7½ அங்குலம் புழங்குகிறது. பயன்படுத்திய இஞ்சினை வெளியிலிருந்து வரவழைக்க நினைப்பவர்கள் இந்தக் கால் அங்குல வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால் சக்கரங்களை மாற்ற வேண்டியிருக்கும்.

45 மி.மீ. பாதையில்தான் குழப்பம் அதிகம். ஒரே பாதையில் இரண்டு வேறு உலகங்கள் ஓடுகின்றன. 1435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜ் இஞ்சின்களை ஏறக்குறைய 32இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அவை 45 மி.மீ. பாதையில் நிற்கும். ஜப்பானின் ஆஸ்டர் நிறுவனம் 1975 முதல் செய்துவந்த நுணுக்கமான எக்ஸ்பிரஸ் இஞ்சின்கள் இந்த வகை. மீட்டர்கேஜ் இஞ்சின்களை 22.5இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் அதே 45 மி.மீ. வரும். ஜெர்மனியின் எல்ஜிபி 1968இல் இந்தக் கணக்கை வைத்துத்தான் தன் தோட்ட ரயில்களைக் கொண்டுவந்தது. 32 மி.மீ. பாதையில், இரண்டடி அகல மலைப்பாதைகளின் இஞ்சின்கள் 19இல் ஒரு பங்காக ஓடுகின்றன. 1982இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் ரவுண்ட்ஹவுஸ் நிறுவனம் இந்த வகைக்குப் பேர்போனது.

வளைவுக் கணக்கு

அசல் ரயில் பாதை எங்கே போடப்பட்டதோ அந்த நிலம்தான் சிறிய பாதையின் வளைவையும் தீர்மானிக்கிறது. ஸ்டாண்டர்டு கேஜ் பாதையில் 400 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு அது இறுக்கமான வளைவு. அதை 32இல் ஒரு பங்காக்கினால் 12.5 மீட்டர் ஆரம் வருகிறது. அதாவது அரைவட்டம் திரும்புவதற்கே 25 மீட்டர் அகலம். பெரும்பாலான தோட்டங்கள் இதைக் கொடுக்காது. ஆகவே இஞ்சின் செய்கிறவர்கள் சக்கரங்களுக்கு அசைவு கொடுத்து, இரண்டு அல்லது மூன்று மீட்டர் ஆரத்தில் திரும்பும்படி சமாளிக்கிறார்கள். திரும்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் நீளமான பெட்டிகள் வளைவில் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், அந்த இஞ்சினுக்கு இந்த இடம் போதவில்லை என்பது கண்ணுக்கே தெரியும்.

இரண்டடி அகலப் பாதையின் கதை வேறு. டார்ஜிலிங் மலை ரயிலின் மிக இறுக்கமான வளைவு ஏறக்குறைய 18 மீட்டர் ஆரம். 19இல் ஒரு பங்காக்கினால் ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. மலையேற வேண்டும் என்பதற்காகவே குட்டையாகவும் சுருக்கமாகவும் படைக்கப்பட்ட இஞ்சின்கள் அவை. சிறிய தோட்டத்தில் எதையும் விட்டுக்கொடுக்காமல் அசலைப் போலவே அவை திரும்புகின்றன. 60 முதல் 75 செ.மீ. ஆரத்தில் ஓடும் சிறு நாரோகேஜ் (இப்படிப்பட்ட குறுகிய அகலப் பாதை) இஞ்சின்கள் பல உண்டு. இரண்டு மீட்டர் அகலமுள்ள ஒரு துண்டு நிலத்தில் முழுச் சுற்றுப் பாதை போட்டுவிடலாம்.

இதனால்தான், நடுத்தர அளவிலான தோட்டம் வைத்திருப்பவர் கேட்டால் நான் தயங்காமல் நாரோகேஜைச் சொல்கிறேன். 32 மி.மீ. அல்லது 45 மி.மீ. என்பது அதில் இரண்டாம்பட்சம். அந்த வகை இஞ்சின்களில் பலவற்றை இரண்டு அளவுகளிலும் வாங்க முடியும். சிலவற்றில் சக்கரங்களை அச்சில் நகர்த்தி நாமே மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் ஏற்கெனவே 45 மி.மீ. மின்சார ரயில் இருந்தால் அதே பாதையில் நீராவியையும் ஓட்டத் தோன்றும். ஓட்டலாம், இரண்டு எச்சரிக்கைகளோடு. நீராவி இஞ்சின்கள் பலவற்றில் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே மின்காப்பு இருக்காது; மின்சாரம் ஓடும் தண்டவாளத்தில் வைத்தால் குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும். இன்னொன்று, நீராவி இஞ்சின் போன இடமெல்லாம் எண்ணெய்ப் படலம் ஒட்டியிருக்கும். அடுத்து வரும் மின்சார ரயில் மின்சாரம் கிடைக்காமல் தடுமாறும்.

32க்கும் 45க்கும் நடுவே எதையுமே முடிவுசெய்ய முடியாதவர்களுக்கு ஒரு யோசனை: தண்டவாளங்களை அடியில் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகளை நீளமாக எடுத்துக்கொண்டு மூன்று தண்டவாளங்களைப் பதிக்கலாம். ஒன்று பொது, மற்ற இரண்டும் ஆளுக்கொன்று. நேர்ப்பாதையிலும் வளைவிலும் இது எளிது. பாதை பிரியும் இடங்களில் வேலை பல மடங்காகும். ஆகவே கிளைப் பாதைகள் இல்லாத எளிய சுற்றுக்குத்தான் இதைப் பரிந்துரைப்பேன்.

சிறிய பாய்லரின் இயல்பு

எரிபொருளுக்குப் போகும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இஞ்சினைச் சுருக்கலாம், வெப்பத்தின் விதிகளைச் சுருக்க முடியாது. நீளத்தைப் பாதியாக்கினால் மேற்பரப்பு நான்கில் ஒரு பங்காகிறது, கொள்ளளவோ எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. அண்டாவிலுள்ள வெந்நீர் மெல்ல ஆறும், டம்ளரில் உள்ளது சட்டென்று ஆறிவிடும் அல்லவா? சின்ன பாய்லரும் அப்படித்தான். உள்ளே இருக்கும் நீருக்கும் நெருப்புக்கும் ஒப்பிடும்போது, வெப்பத்தை இழக்கும் பரப்பு மிக அதிகம். சிலிண்டருக்குப் போகும் வழியிலேயே நீராவி குளிர்ந்து மீண்டும் நீராகிறது. முதல் ஓரிரு நிமிடங்கள் புகைபோக்கியிலிருந்து வெந்நீர் துப்பிக்கொண்டே இஞ்சின் நகர்வதற்கு இதுதான் காரணம். சிலிண்டர் சூடேறியதும் அது நின்றுவிடும்.

இதன் விளைவு, சிறிய அளவில் எல்லாமே வேகமாக நடக்கிறது. நெருப்பு குறைந்தால் அழுத்தம் உடனே விழுகிறது, கூடினால் பாதுகாப்பு வால்வு உடனே சீறுகிறது. பெரிய இஞ்சினில் தவறைத் திருத்த நேரம் கிடைக்கும். சிறிய நிலக்கரி இஞ்சினில் அந்த நேரம் கிடைக்காது. அளவு குறையக் குறைய எரிபொருள் எளிதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

எரிவாயு, ஸ்பிரிட், நிலக்கரி

32, 45 மி.மீ. நாரோகேஜ் இஞ்சின்களில் இன்று எரிவாயுவே ஆட்சி செய்கிறது, நியாயமாகவும் செய்கிறது. ஓட்டுநர் அறைக்குள் சிறிய தொட்டி. அதில் திரவ பியூட்டேன். பாய்லரின் நடுவே ஒரே ஒரு தடித்த நெருப்புக் குழாய். அதன் பின்முனையில் பர்னர். பற்றவைக்கும் முறையைப் பாருங்கள். நீளமான லைட்டரின் சுடரைப் புகைபோக்கியின் வாயருகே பிடித்துக்கொண்டு, எரிவாயுக் குமிழை மெல்ல, மிக மெல்லத் திறக்க வேண்டும். வாயு குழாய் முழுவதும் நிறைந்து மேலே வந்ததும் ‘பப்’ என்று ஒரு சின்னச் சத்தத்தோடு சுடர் பின்னோக்கிப் பாய்ந்து பர்னரில் போய் நிற்கும். பிறகு ஒரே சீரான மெல்லிய உறுமல் கேட்கும். அது ஊளையாக மாறினால் வாயு அதிகம். குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் அடங்கிவிடும். ஐந்து முதல் பத்து நிமிடங்களில் அழுத்தமானியின் முள் 3 பாரைத் (பார் என்பது அழுத்த அலகு) தொட்டுவிடும். ஒரு நிரப்பலுக்கு இருபது நிமிடங்களோ அதற்கு மேலோ ஓடும்.

நல்ல எரிவாயு இஞ்சினின் வடிவமைப்பில் ஒரு பாதுகாப்பு உள்ளேயே அமைந்திருக்கிறது: பாய்லரில் நீர் தீரும் முன் தொட்டியில் வாயு தீர்ந்துவிடும். இதனால் வெறும் பாய்லர் எரிந்து கெடுவது தவிர்க்கப்படுகிறது. இடையில் வாயுவை மட்டும் மீண்டும் நிரப்பி ஓட்டினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். வாயு நிரப்பும்போதெல்லாம் நீரையும் பார்த்துவிட வேண்டும்.

எரிவாயுவின் எதிரி குளிர். பியூட்டேன் கொதிக்கும் வெப்பநிலை சுழியத்துக்கு அரை டிகிரி கீழே. திரவம் ஆவியாகும்போது தொட்டியின் வெப்பத்தையே அது உறிஞ்சிக்கொள்வதால், இதமான நாளில்கூடத் தொட்டி சில்லிட்டு அழுத்தம் குறையும். குளிர் காலத்தில் சுடர் சோம்பிப் படுத்துவிடும். புரொப்பேன் கலந்த வாயு இதற்கு உதவும், ஆனால் அதன் அழுத்தம் அதிகம். அந்தத் தொட்டி அதற்கென்றே செய்யப்பட்டிருந்தால் மட்டுமே பயன்படுத்த வேண்டும். தொட்டியைச் சுற்றி வெதுவெதுப்பான நீர் நிற்கும்படி அமைக்கும் இஞ்சின்களும் உண்டு; எனக்கு அந்த ஏற்பாடுதான் பிடிக்கும்.

ஸ்பிரிட், அதாவது எரிசாராயம், எரிக்கும் இஞ்சின்களின் அழகு அவற்றின் மௌனம். எரிவாயு பர்னரின் உறுமல் இல்லாததால் புகைபோக்கியிலிருந்து வரும் ‘சக்... சக்...’ துல்லியமாகக் கேட்கும். சத்தத்துக்காகவே ஸ்பிரிட்டை விடாதவர்களை நான் முழுமனதோடு புரிந்துகொள்கிறேன். ஆஸ்டர் இஞ்சின்களில் பெரும்பாலானவை இந்த எரிபொருளில்தான் ஓடின. ஆனால் இதில் வேலை அதிகம். திரிகளைச் சரியான உயரத்திலும் இறுக்கத்திலும் வைக்க வேண்டும். நீராவி எழும்வரை புகைபோக்கியின் மேல் ஒரு சிறிய மின்விசிறியைப் பொருத்திக் காற்றை இழுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெயிலில் ஸ்பிரிட்டின் சுடர் கண்ணுக்குத் தெரியாது. தடம்புரண்டு ஸ்பிரிட் சிந்தினால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகத் தொடங்கும்போதுதான் எரிவதே தெரியும். ஸ்பிரிட் நீரில் கரையும் என்பதால் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம். நீர் தெளிக்கும் புட்டி ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். குழந்தைகள் ஓடியாடும் தோட்டத்துக்கு ஸ்பிரிட்டை நான் சொல்ல மாட்டேன்.

நிலக்கரி? மனத்துக்கு மிக நெருக்கமானது அதுதான். அந்த வாசனைக்கு ஈடில்லை. 1920களின் தொடக்கம்வரை, சிறிய இஞ்சின்களுக்கு ஸ்பிரிட்டே போதும், நிலக்கரி ஒத்துவராது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. பிரிட்டனில் மாதிரி இஞ்சின்களைப் பற்றி எல்பிஎஸ்சி என்ற புனைபெயரில் எழுதிய கர்லி லாரன்ஸ், 2½ அங்குலப் பாதையில் ஓடும் ‘ஆயிஷா’ என்ற நிலக்கரி இஞ்சினைக் கொண்டு ஒரு முழு ஆளையே இழுத்துக் காட்டினார். பல குழாய்கள் கொண்ட சரியான பாய்லர் இருந்தால் சிறிய நெருப்பும் பெரிய வேலை செய்யும் என்பதை அது நிறுவியது. இன்று ஆளை ஏற்றும் தோட்ட நிலக்கரி இஞ்சின்கள் பலவும் அந்த வழியில் வந்தவைதான்.

ஆனால் 45 மி.மீ. இஞ்சினில் நிலக்கரி எரிப்பது தனிக் கலை. நெருப்புப்பெட்டி தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. பட்டாணி அளவு நிலக்கரித் துண்டுகளைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சின்னக் கரண்டியால் இட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக ரயிலை நிறுத்த வேண்டும். சாம்பல் சேர்ந்தால் காற்று அடைபட்டு நெருப்பு செத்துவிடும். ஒரு சுற்று ரசிப்பதற்குள் அடுத்த கரண்டிக்கு நேரம் வந்துவிடும். நிலக்கரிதான் வேண்டும் என்று மனம் சொன்னால், 45 மி.மீ.இல் அதைத் தேடாதீர்கள். 5 அங்குலத்துக்குப் போங்கள். அங்கேதான் நிலக்கரி தன் இயல்போடு எரிகிறது.

ஒரு சிறு குறிப்பு: எந்த எரிபொருளானாலும் நீர் காய்ச்சி வடித்ததாகவோ வடிகட்டிய மழைநீராகவோ இருக்கட்டும். குழாய்நீரின் உப்பு பாய்லரின் உள்ளே படிந்துவிடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும், சிலிண்டருக்கு எண்ணெய் தரும் சிறு குப்பியைக் கவனிக்க வேண்டும். நீராவி அதற்குள் நுழைந்து, குளிர்ந்து, நீராகி அடியில் தங்குகிறது. அதற்கேற்ப எண்ணெய் மேலெழுந்து சிலிண்டருக்குப் போகிறது. ஓட்டம் முடிந்ததும் பீச்சாங்குழலால் அடிநீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, கெட்டியான நீராவி எண்ணெயை விளிம்புவரை ஊற்ற வேண்டும். சாதாரண மோட்டார் எண்ணெய் இந்தச் சூட்டில் நிற்காது.

கைக்கட்டுப்பாடா, ரேடியோவா?

ரேடியோ தொலைக்கட்டுப்பாடு இல்லாத சிறிய இஞ்சினில் ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டருக்குப் போகும் நீராவியைக் கூட்டிக் குறைக்கும் வால்வை, திறந்துவிட்டால் அதன் போக்கில்தான் ஓடும். ஏற்றத்தில் மூச்சிரைக்கும், இறக்கத்தில் பறக்கும். நாம் பக்கத்தில் ஓட வேண்டும். பாதை முற்றிலும் சமமாக இருந்தால் ரேடியோ தேவையே இல்லை. அப்படி ஓடும் இஞ்சினைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருப்பதில் பெரிய நிறைவு உண்டு. 50க்கு 1 என்ற ஏற்றம் (50 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர் உயர்வு) இருந்தாலே நிலைமை மாறிவிடும். சரிவான தோட்டத்துக்கு ரேடியோ கட்டுப்பாட்டை முதலிலேயே சேர்த்து வாங்குங்கள். பின்னால் பொருத்துவது குறுகிய ஓட்டுநர் அறையில் மிகச் சிரமம். அல்லது 100க்கு 1ஐத் தாண்டாதபடி பாதையை உயர்த்திக் கட்டுங்கள்.

ஏறி உட்கார்ந்து போகும் ரயில்

பக்கத்தில் நடப்பது போதாது, இஞ்சினை ஓட்டவே வேண்டும் என்பவர்களுக்கு மேலே சொன்ன வசதிகள் எதுவும் ஆறுதல் தராது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். 5 அங்குல இஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே தண்ணீர்மட்டக் கண்ணாடி. ஏற்றம் வரும் முன்பே நெருப்பைக் கட்டி எழுப்பிவிட வேண்டும். ஏற்றத்தில் கரி போட்டால் குளிர்ந்த கரி அழுத்தத்தை இறக்கிவிடும். கதவைத் திறந்தால் நெருப்பு வெளிர் மஞ்சளில் மின்னுகிறதா, சிவந்து மங்குகிறதா என்று ஒரு கணத்தில் பார்க்க வேண்டும். நீர் குறைகிறது, நீராவியின் வேகத்தால் பாய்லருக்குள் நீர் செலுத்தும் இஞ்செக்டரைத் திறக்கிறீர்கள், அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது, நெருப்பு அதை ஈடுகட்டுமா என்று மனம் கணக்குப் போடுகிறது. உண்மையான இஞ்சின் ஓட்டுநர் செய்த வேலை அனைத்தும் இங்கே உண்டு. ரேடியோ பெட்டியின் குமிழால் இந்த அனுபவத்தைத் தர முடியாது.

மூன்று அளவுகளில் 3½ அங்குலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டாண்டர்டு கேஜில் 16இல் ஒரு பங்கு. சிறிய லேத் இயந்திரத்திலேயே செய்துவிடலாம். சிறிய இஞ்சினை ஒருவரே தூக்கிக் காரில் வைக்கலாம். தனியாக வசிப்பவருக்கும் மாடிப்படி ஏறி இறங்க வேண்டியவருக்கும் அது நல்ல தேர்வு. நெருப்புப்பெட்டி சிறியது என்பதால் கரி போடுவதில் பொறுமை வேண்டும்.

உண்மையான போட்டி 5 அங்குலத்துக்கும் 7¼ அங்குலத்துக்கும் நடுவில்தான். 5 அங்குலம் ஸ்டாண்டர்டு கேஜில் ஏறக்குறைய 11இல் ஒரு பங்கு. சிறிய நான்கு சக்கர இஞ்சின்கூட நான்கைந்து பெரியவர்களை இழுக்கும். ஆனால் தரையோடு தரையாகப் பாதை போட்டால் ஒரு சங்கடம்: 127 மி.மீ. அடித்தளத்தின் மேல் ஒரு முழு மனிதர் உட்காருகிறார். அவர் கொஞ்சம் சாய்ந்தாலே வண்டி கவிழப் பார்க்கும். ஆகவே 5 அங்குலத்துக்கு, தூண்கள் மேல் உயர்த்திய பாதையும், இருபுறமும் கால் வைக்கும் பலகையும், வண்டி கவிழாமல் தடுக்கும் கம்பிகளும் உள்ள அமைப்பே சரி. தோட்டத்தை இந்த உயர்பாதை இரண்டாக வெட்டிவிடும் என்பது அதன் குறை. நடைபாதை குறுக்கிடும் இடத்தில் திறந்து மூடும் பாலம் வைக்க வேண்டியிருக்கும்.

7¼ அங்குலம் தரையில் உறுதியாக நிற்கும். ஸ்டாண்டர்டு கேஜில் 8இல் ஒரு பங்கு. நாரோகேஜ் இஞ்சினை இதே பாதைக்குச் செய்தால் இன்னும் பருமனாக, ஓட்டுநர் பாதி உள்ளே அமரும் அளவுக்கு வரும். இழுக்கும் வலிமைக்குக் குறைவில்லை. ஆனால் 7¼ அங்குலப் பாதை என்பது சிவில் பொறியியல். மண்ணைத் தோண்டி, வடிகால் அமைத்து, கூர்முனை ஜல்லி பரப்பி, ஸ்லீப்பர் இட்டு, மட்டம் பார்க்க வேண்டும். பத்து மீட்டருக்குக் குறைவான ஆரத்தில் பல இஞ்சின்கள் திணறும். அதாவது இருபது மீட்டருக்கு மேல் அகலம். இஞ்சினை நகர்த்த டிரெய்லரும் கூடுதல் ஆட்களும் வேண்டும்.

வால்ட் டிஸ்னி 1950இல் தன் வீட்டுத் தோட்டத்தில் 7¼ அங்குலப் பாதை அமைத்தார். ஏறக்குறைய 800 மீட்டர் நீளம். மனைவியின் பூச்செடிகள் கெடக்கூடாது என்பதற்காக அவற்றின் அடியில் 27 மீட்டர் நீளச் சுரங்கம் கட்டினார். அந்தப் பாதை சில ஆண்டுகளே ஓடியது. 1953இல் வளைவில் வேகமாகப் போன இஞ்சின் கவிழ்ந்து, உடைந்த இடத்திலிருந்து பீறிட்ட நீராவி ஒரு சிறுமியைச் சுட்டுவிட்டது. அவர் ரயிலை அத்தோடு நிறுத்திவிட்டார். 6 பார் அழுத்தத்தில் பாய்லர் நீர் 165 டிகிரியில் இருக்கிறது. சில லிட்டர் நீர்தானே என்று நினைக்கக்கூடாது. வெளியே வந்த கணத்திலேயே அதில் ஒரு பகுதி ஆவியாக வெடித்துப் பரவும். விருந்தினருக்கு ரெகுலேட்டரைக் கொடுப்பது, வளைவில் வேகம் பார்ப்பது இரண்டையும் ஆளேற்றும் ரயிலில் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

ஆகவே 5 அங்குலத்திலும் 7¼ அங்குலத்திலும் என் பரிந்துரை ஒன்றே: தோட்டத்தில் பாதை போடும் முன், ஏற்கெனவே பாதை வைத்திருக்கும் சங்கம் ஒன்றில் சேருங்கள். நெருப்பு மூட்டவும், நீர்மட்டத்தைப் படிக்கவும், ஓட்டம் முடிந்ததும் பாய்லரைக் கழுவி மூடவும் அங்கே கற்றுக்கொள்ளலாம். மரக்கரியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பற்றவைப்பதிலிருந்து நீராவி எழ முக்கால் மணி நேரம் ஆகலாம்; அணைத்து, சாம்பல் அள்ளி, துடைத்து முடிக்க அதே அளவு நேரம். இந்த வேலையையும் சேர்த்தே விரும்புகிறோமா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். விரும்பினால், பலருக்குச் சொந்தப் பாதையே தேவைப்படாமல் போகிறது. இஞ்சின் வீட்டில், பாதை சங்கத்தில் என்பது நேர்த்தியான ஏற்பாடு.

பாதையின் உயரமும் உலோகமும்

32, 45 மி.மீ. பாதையைத் தரையில் போடுவதா, உயரத்தில் போடுவதா என்ற கேள்விக்குக் கண் ஒரு பதிலும் முதுகு வேறொரு பதிலும் சொல்லும். செடிகளுக்கு நடுவே தரையில் ஓடும் ரயில் அழகு. ஆனால் நீர் ஊற்றுவது, எண்ணெய் இடுவது, பற்றவைப்பது எல்லாம் குனிந்தபடியே செய்ய வேண்டும், அதுவும் சூடான இஞ்சினில். நிலம் சரிவாக இருந்தால் அதையே வரமாக்கலாம்: பாதையைச் சமமாக வைத்தால், ஒரு முனை தரையைத் தொடும், மறுமுனை இடுப்பு உயரத்துக்கு வரும். அந்த உயர்ந்த முனையில் நீராவி மூட்டும் மேடையை அமையுங்கள். சமநிலத்தில், மேடைக்கு மட்டுமாவது மேசை உயரம் கொடுங்கள்; இஞ்சினைத் தயார்செய்து தூக்கிக் கீழே வைக்கலாம். இரண்டு மூன்று கிலோ எடைதான்.

தண்டவாளத்துக்குப் பித்தளையே பெரும்பாலும் போதும். வெயிலில் அது நீளும் என்பதை மறக்கக்கூடாது: 10 மீட்டர் பித்தளைத் தண்டவாளம் 30 டிகிரி வெப்பநிலை உயர்வில் ஏறக்குறைய 6 மி.மீ. நீளும், அலுமினியம் இன்னும் சற்று அதிகம். இணைப்புகளில் இடைவெளி விடாமல் குளிர்ந்த காலையில் இறுக்கிப் போட்ட பாதை, நண்பகலில் பாம்புபோல் நெளிந்து இஞ்சினைக் கவிழ்க்கும். ஜல்லி கூர்முனை கொண்டதாக இருக்கட்டும். உருண்டைக் கூழாங்கல் ஒன்றையொன்று பிடிக்காது, முதல் மழையிலேயே நழுவும்.

புதிதா, பயன்படுத்தியதா, சொந்தமாகச் செய்வதா?

சிறிய எரிவாயு இஞ்சினைப் புதிதாக வாங்குவதில் தவறே இல்லை. உதிரிப்பாகங்களாக வாங்கிப் பூட்டுவதும் நல்ல வழி. பாய்லர் சோதிக்கப்பட்டு முழுமையாக வரும், மற்றவற்றை நாம் பூட்டுவோம். ஒவ்வொரு வால்வும் எப்படி வேலை செய்கிறது என்பது கைவழியே மனத்தில் ஏறும். பிற்பாடு கோளாறு வரும்போது அந்த அறிவுதான் கைகொடுக்கும்.

5 அங்குல இஞ்சினைச் சொந்தமாகச் செய்வது பல ஆண்டு வேலை. லேத்தும் துளையிடும் இயந்திரமும் ஏற்கெனவே பழகியவர் தாராளமாக இறங்கலாம். ரயில் ஓட்டுவதுதான் ஆசை என்றால் ஆண்டுகளைப் பட்டறையில் கழிக்க வேண்டாம். பயன்படுத்திய இஞ்சினை வாங்குங்கள். செப்பு பாய்லர் என்றால் உள்ளே துரு பற்றிய கவலை இல்லை. வெள்ளிப் பற்றவைப்பு இணைப்புகளைக் கூர்ந்து பாருங்கள். 7¼ அங்குலத்தில் எஃகு பாய்லர்கள் அதிகம். நீரில் துருத்தடுப்பு மருந்து சேர்த்துப் பராமரித்தாரா என்று முந்தைய உரிமையாளரிடம் கேட்க வேண்டும். பொதுவாக, புதிய பாய்லரை வேலை அழுத்தத்தைப்போல் இருமடங்குக்கு நீர் நிரப்பிச் சோதிப்பார்கள். பின்னாளைய சோதனைகள் ஒன்றரை மடங்கில் நடக்கும். அந்தச் சோதனைத் தாள்களைக் கேளுங்கள். தாள் இல்லை, ஆனால் போன மாதம்கூட நன்றாக ஓடியது என்று சொன்னால், சோதனை முடிந்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.